ஸ்பாட் சர்வரை டெர்மினலிலிருந்து கேட்டு வாங்குவது எப்படி? டர்பனில் அடிக்கடி வரும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், மெர்பேங்க், ஃபீனிக்ஸ் பக்கம் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் அலமாரி மேல் ஒரு பெட்டி இருக்கும். உள்ளே விஎச்எஸ் கேசட்டுகள்: கல்யாணம், காவடி, தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா. அவற்றைக் கணினிக் கோப்புகளாக மாற்றுவதுதான் எங்கள் சின்னக் குழுவின் வேலை. மாற்றும் வேலைக்கு நிறைய சர்வர் (இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் கணினி) நேரம் வேண்டும், கையில் காசு குறைவு, ஆகவே அமேசானின் ஸ்பாட் சர்வர்களைப் பிடித்துக்கொண்டோம். புதிதாகச் சேரும் தம்பி தங்கைகள் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்பதால் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

ஒரு விஷயம். அமேசானின் கட்டளைக் கருவியான ஏடபிள்யூஎஸ் சிஎல்ஐ-யின் கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறேன். டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் திரையில், ஆங்கில எழுத்தில், சொற்களுக்கு நடுவே ஹைஃபன் போட்டு அடிக்க வேண்டும்.

ஸ்பாட் என்பது என்ன? ஏன் அவ்வளவு மலிவு?

அமேசானின் டேட்டா சென்டரில் அந்த நேரத்துக்கு யாரும் எடுக்காமல் சும்மா நிற்கும் சர்வர்களைத் தள்ளுபடியில் தருகிறார்கள். வழக்கமான விலைக்கு, அதாவது ஆன்-டிமாண்ட் விலைக்கு, 90 சதவீதம் வரை குறையலாம். சாட்ஸ்வர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் கடை கட்டும் நேரத்தில் கீரைக்கட்டு பாதி விலைக்குப் போகுமே, கிட்டத்தட்ட அப்படி. ஆனால் கீரையை வாங்கிப் பையில் போட்டால் அது உங்களுடையது. ஸ்பாட் சர்வரை, முழு விலை கொடுக்க வேறு ஒருவர் வந்தால் உங்கள் கையிலிருந்தே வாங்கிக்கொள்வார்கள். இரண்டு நிமிடம் முன்னால் ஒரு எச்சரிக்கை வரும், அவ்வளவுதான்.

நம் நாட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று. இசி2 என்ற இந்த சர்வர் வாடகைச் சேவையே கேப் டவுனில் பிறந்தது. கிறிஸ் பிங்கம் என்ற பொறியாளர் தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்ப விரும்பியதால், அவரையும் வில்லெம் வான் பில்யோனையும் வைத்து அங்கேயே ஒரு குழுவை அமைத்துக் கட்டினார்கள். 2006 ஆகஸ்டில் அது வெளியே வந்தது. ஸ்பாட் சேர்ந்தது 2009 டிசம்பரில்.

விலைக்கு நான் ஏலம் கேட்க வேண்டுமா?

வேண்டாம். இணையத்தில் கிடக்கும் பழைய பாடங்களில் பாதி இன்னும் ஏலக் கதையைத்தான் சொல்கின்றன. முதலில் அப்படித்தான் இருந்தது: நீங்கள் ஒரு தொகை சொல்வீர்கள், சந்தை விலை அதைத் தாண்டினால் சர்வர் போய்விடும். விலை சில மணி நேரத்துக்குள் எகிறிக் குதிக்கும். 2017 கடைசியில் அதை மாற்றிவிட்டார்கள். இப்போது விலை, நீண்ட கால வரத்தையும் தேவையையும் பார்த்து மெதுவாகத்தான் நகர்கிறது.

அதிகபட்ச விலை என்று ஒரு கட்டம் இன்னும் இருக்கிறது. காலியாக விட்டால் ஆன்-டிமாண்ட் விலையே உச்சவரம்பு. நீங்கள் கட்டுவது அந்த நேரத்து ஸ்பாட் விலையைத்தான், உச்சவரம்பை அல்ல. சிக்கனம் என்று நினைத்துச் சின்னத் தொகையை அதில் போட்டால் சர்வரே கிடைக்காது, கிடைத்தாலும் அடிக்கடி பிடுங்கப்படும். காலியாகவே விடுங்கள்.

இன்றைய விலையை எங்கே பார்ப்பது?

கட்டளை: டிஸ்கிரைப்-ஸ்பாட்-பிரைஸ்-ஹிஸ்டரி. அதோடு சர்வர் வகை (எங்களுக்குப் பெரும்பாலும் சி5.எக்ஸ்லார்ஜ்), இயங்குதளம், தொடக்க நேரம் மூன்றையும் கொடுங்கள். கடந்த 90 நாள் வரை பார்க்கலாம். தொடக்க நேரமாக இப்போதைய நேரத்தையே கொடுத்தால் நடப்பு விலை மட்டும் வரும், திரை நிரம்பி வழியாது.

வரும் பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஒரே வகை சர்வருக்கு ஒவ்வொரு அவெய்லபிலிட்டி ஸோனிலும் (ஒரு ஊர்ப் பகுதிக்குள் தனித்தனியாக நிற்கும் டேட்டா சென்டர் தொகுப்பு) விலை வேறு. கேப் டவுனில் மூன்று ஸோன்கள் உண்டு. ஆக, "சி5 என்ன விலை?" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது, எந்த ஸோன் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

விலை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கெட்-ஸ்பாட்-பிளேஸ்மென்ட்-ஸ்கோர்ஸ் என்று இன்னொரு கட்டளை இருக்கிறது. நீங்கள் கேட்கும் அளவு சர்வர் ஒரு பகுதியில் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்று 1 முதல் 10 வரை மதிப்பெண் தரும். ஒவ்வொரு வகையும் எவ்வளவு அடிக்கடி பிடுங்கப்படுகிறது என்பதை ஸ்பாட் இன்ஸ்டன்ஸ் அட்வைசர் பக்கத்தில் 5 சதவீதத்துக்குக் கீழே, 5 முதல் 10 என்று பிரித்துக் காட்டுகிறார்கள். சில சென்ட் அதிகமானாலும் கம்மியாகப் பிடுங்கப்படும் வகையையே எடுப்பேன்.

கேப் டவுனா, அயர்லாந்தா?

கேப் டவுன் பகுதி 2020 ஏப்ரலில் திறந்தது. பெயர் ஏஎஃப்-சவுத்-1. புதுக் கணக்கில் அது மூடியே இருக்கும். கணக்கு அமைப்பில் போய் நீங்களாகத் திறந்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் கட்டளை அடித்தால் அனுமதிப் பிழைதான் வரும், "நான் ஏதோ தப்பாக அடித்துவிட்டேன்" என்று ஒரு மாலை முழுக்கத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அமேசானின் அயர்லாந்துப் பகுதியோடு ஒப்பிட்டால் கேப் டவுனில் வழக்கமான விலை அதிகம். அங்கிருக்கும் எல்லா வகை சர்வரும் இங்கே கிடையாது. எந்த ஸோனில் எந்த வகை உண்டு என்பதை டிஸ்கிரைப்-இன்ஸ்டன்ஸ்-டைப்-ஆஃபரிங்ஸ் கட்டளை சொல்லிவிடும். விலைப்பட்டியல் டாலரில் இருக்கிறது. ராண்ட் சரிந்தால் நம் பில் ஏறும். அதன் மேல் 15 சதவீத வாட் வரி.

அப்படியும் நாங்கள் கேப் டவுனில்தான் இருக்கிறோம். இவை மற்றவர் வீட்டு விசேஷங்கள், குழந்தைகளின் முகங்கள். தனிமனிதத் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா, தகவலை நாட்டுக்கு வெளியே அனுப்பச் சில நிபந்தனைகள் வைக்கிறது. ஒவ்வொரு குடும்பத்திடமும் போய் அயர்லாந்தை விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. படம் வரைவது, கணக்குப் போடுவது மாதிரி யாருடைய தகவலும் இல்லாத வேலை என்றால் தாராளமாக வெளியே போங்கள்.

சரி, எந்தக் கட்டளையால் கேட்பது?

இரண்டு வழி கண்ணில் படும். ரிக்வெஸ்ட்-ஸ்பாட்-இன்ஸ்டன்ஸஸ் பழையது. இன்னும் ஓடுகிறது, ஆனால் அதில் இனிப் புதிதாக எதுவும் சேர்க்கப்போவதில்லை, தவிர்த்துவிடுங்கள் என்று அமேசானின் ஆவணமே சொல்கிறது. ஒன்றிரண்டு சர்வருக்கு ரன்-இன்ஸ்டன்ஸஸ் போதும். சாதாரண சர்வர் எழுப்பும் அதே கட்டளைதான். இன்ஸ்டன்ஸ்-மார்க்கெட்-ஆப்ஷன்ஸ் என்ற ஒரு தேர்வைச் சேர்த்து, அதில் மார்க்கெட் டைப் என்பதற்கு ஸ்பாட் என்று கொடுத்தால் முடிந்தது. சர்வர் வகை, இமேஜ் எண் (எந்த இயங்குதளம்), கீ (உள்ளே நுழையும் சாவி), செக்யூரிட்டி குரூப் (யார் நுழையலாம் என்ற விதி), சப்நெட் (எந்த உள் நெட்வொர்க்) எல்லாம் வழக்கம்போல.

முதல் தடவை கட்டளையின் கடைசியில் டிரை-ரன் சேர்த்து அடியுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் "பிழை ஏற்பட்டது" என்றுதான் ஆரம்பிக்கும், பயப்படாதீர்கள். அதே வரியில், டிரை-ரன் இல்லாவிட்டால் இது வெற்றி பெற்றிருக்கும் என்று எழுதியிருக்கும். அதுதான் பச்சைக்கொடி. நல்ல செய்தியைப் பிழை மாதிரி சொல்ல யாருக்குத் தோன்றியதோ!

ஐந்து பத்து சர்வர் வேண்டும் என்றால் கிரியேட்-ஃப்ளீட் பக்கம் போங்கள். "சி5, சி5ஏ, எம்5 எதுவானாலும் சரி, மூன்று ஸோனில் எங்கிருந்தாலும் சரி" என்று பட்டியல் கொடுக்கலாம். பிரைஸ்-கெப்பாசிட்டி-ஆப்டிமைஸ்டு என்ற தேர்வு முறையைப் போட்டால் கையிருப்பையும் விலையையும் சேர்த்துப் பார்த்து எடுத்துத் தரும். லோயஸ்ட்-பிரைஸ் என்ற பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். மலிவான குளத்தில் எல்லோரும் குதிப்பதால் அங்கிருந்துதான் முதலில் வெளியே தள்ளுவார்கள்.

விண்டோஸ் லேப்டாப்பில் அதே கட்டளை பிழை தருகிறதே?

மேற்கோள் குறிதான் காரணம். லினக்ஸில் ஒற்றை மேற்கோளுக்குள் ஜேசன் (கட்டளைக்கான தேர்வுகளை எழுதும் ஒரு வடிவம்) எழுதுவது போல விண்டோஸ் கட்டளைத் திரையில் எழுத முடியாது. போராடாமல், ஜேசனை ஒரு கோப்பில் சேமித்துக் கட்டளையில் அந்தக் கோப்பைக் காட்டுங்கள்.

கேட்டேன், சர்வர் வரவில்லை. ஏன்?

பிழையின் பெயரைப் படியுங்கள், அதிலேயே காரணம் இருக்கும். இன்ஸஃபிஷியன்ட் இன்ஸ்டன்ஸ் கெப்பாசிட்டி என்றால் அந்த ஸோனில் அந்த வகை இப்போது கையிருப்பில் இல்லை: வேறு ஸோன், அல்லது வேறு வகை. ஸ்பாட் மேக்ஸ் பிரைஸ் டூ லோ என்றால், நான் மேலே வேண்டாம் என்று சொன்னதைச் செய்திருக்கிறீர்கள். மேக்ஸ் ஸ்பாட் இன்ஸ்டன்ஸ் கவுன்ட் எக்ஸீடெட் என்றால் உங்கள் கணக்கின் வரம்பு தீர்ந்துவிட்டது.

புதியவர்கள் இந்தக் கடைசியில்தான் அதிகம் மாட்டுகிறார்கள். ஸ்பாட் வரம்பை சர்வர் எண்ணிக்கையில் கணக்கிடுவதில்லை, விசிபியு (சர்வரின் மெய்நிகர் செயலி) எண்ணிக்கையில். நாலு விசிபியு உள்ள ஒரே ஒரு சர்வரே புதுக் கணக்கின் வரம்பைக் கிட்டத்தட்டத் தின்றுவிடும். கிராஃபிக்ஸ் கார்டு உள்ள வகைக்குத் தொடக்க வரம்பு பெரும்பாலும் பூஜ்யம். சர்வீஸ் கோட்டாஸ் பக்கத்தில் கூட்டித் தரச்சொல்லிக் கேட்கலாம், ஆனால் பகுதிக்குப் பகுதி தனித்தனியாகக் கேட்க வேண்டும். அயர்லாந்தில் வாங்கிய வரம்பு கேப் டவுனில் செல்லாது.

அந்த இரண்டு நிமிடத்தில் என்னதான் செய்ய முடியும்?

எங்கள் அனுபவத்தில் மொத்த விஷயமும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஆரம்பத்தில் நான் ஒரு முழுக் கேசட்டை ஒரே கோப்பாக ஏற்றி, ஒரே ஓட்டமாக மாற்றக் கொடுத்தேன். மூன்று மணி நேரக் காவடி. முக்கால்வாசி முடிந்த இடத்தில் சர்வர் போனது. வேல் குத்தி, பம்பை அடித்து, ஊர்வலம் கோயில் வாசலுக்கு வந்த கட்டம் வரை மாறியிருந்தது, எல்லாம் போச்சு. மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் முறையும் பாதியில் போனது. தள்ளுபடியில் மிச்சம் பிடித்ததெல்லாம் மறு ஓட்டத்தில் கரைந்தது.

தப்பு ஸ்பாட் மேல் இல்லை. பாதியில் சாகக்கூடிய சர்வரிடம் பாதியில் நிறுத்த முடியாத வேலையைக் கொடுத்தது என் தப்பு.

இப்போது செய்வது இது. கேசட்டை டிவி (டிஜிட்டல் வீடியோ, தொலைக்காட்சி அல்ல) வடிவத்தில் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜிபி வரும். ஒரு ஈ-180 கேசட், அதாவது மூன்று மணி நேரக் கேசட், 40 ஜிபி பக்கம். அதை எங்கள் வீட்டுக் கணினியிலேயே பத்துப் பத்து நிமிடத் துண்டாக வெட்டி அமேசானின் எஸ்-3 கோப்புக் கிடங்கில் ஏற்றிவிடுகிறோம். மொத்தம் 18 துண்டு. உள்ளே ஏற்ற அமேசான் கட்டணம் வாங்குவதில்லை. ஒவ்வொரு துண்டின் பெயரும் எஸ்க்யூஎஸ் (அமேசானின் செய்தி வரிசைச் சேவை) வரிசையில் ஒரு செய்தி. சர்வர் எழுந்ததும் வரிசையிலிருந்து ஒரு செய்தியை எடுக்கும், துண்டை இறக்கும், எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளால் மாற்றும், எஸ்-3-க்குத் திருப்பி ஏற்றும், அதன் பிறகுதான் செய்தியை அழிக்கும். நடுவில் சர்வர் செத்தால் செய்தி அழியாமல் இருப்பதால் வரிசையில் தானாகத் திரும்பத் தலைகாட்டும், அடுத்த சர்வர் எடுத்துக்கொள்ளும். இழப்பு அதிகபட்சம் ஒரு துண்டு.

இங்கே ஒரு பள்ளம் உண்டு. எடுத்த செய்தி எவ்வளவு நேரம் மற்ற சர்வர் கண்ணில் படாமல் இருக்கும் என்பதற்கு விசிபிலிட்டி டைம்அவுட் என்று பெயர். நாம் எதுவும் சொல்லாவிட்டால் வெறும் 30 விநாடி. துண்டை மாற்ற அதைவிட அதிக நேரம் ஆகும், ஆகவே ஒரே துண்டை நாலு சர்வர் மாற்றிக்கொண்டிருக்கும், பில் நாலு மடங்கு. ஒரு துண்டுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து, அதற்கு மேல் தாராளமாக வையுங்கள். 12 மணி நேரம் வரை வைக்க இடம் இருக்கிறது.

இனி அந்த இரண்டு நிமிடம். எச்சரிக்கை தானாக உங்களைத் தேடி வராது, நாங்கள் அதை சர்வருக்குள் இருந்து எட்டிப் பார்க்கிறோம். 169.254.169.254 என்ற முகவரியில் மெட்டாடேட்டா சேவை இருக்கிறது, சர்வர் தன்னைப் பற்றிய தகவலை அங்கேதான் கேட்கும். முதலில் அதனிடம் ஒரு டோக்கன் (தற்காலிக அனுமதிச் சீட்டு) வாங்கி, பிறகு ஸ்பாட் என்ற பாதைக்குள் இன்ஸ்டன்ஸ்-ஆக்‌ஷன் என்பதைக் கேளுங்கள். ஐந்து விநாடிக்கு ஒரு முறை கேட்டால் போதும். 404, அதாவது "அப்படி எதுவும் இல்லை" என்ற பதில் வந்தால் நல்லது, ஆபத்தில்லை என்று அர்த்தம். பதில் வந்தால் அதில் இரண்டே விஷயம்: என்ன செய்யப் போகிறார்கள், எத்தனை மணிக்கு. அந்த மணி யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும், நம் கடிகாரத்துக்கு இரண்டு மணி நேரம் பின்னால். இரவு ஒன்பதரைக்கு லாகை (சர்வர் எழுதி வைக்கும் பதிவை) பார்த்த ஒரு தம்பி, "ஏழரைக்கே போயிருக்க வேண்டிய சர்வர் இன்னும் ஓடுகிறதே அண்ணா" என்று கேட்டது இதனால்தான்.

எச்சரிக்கை வந்ததும் எங்கள் ஸ்கிரிப்ட் புதுத் துண்டு எடுப்பதை நிறுத்தும், முடிந்த துண்டு ஏதாவது ஏறிக்கொண்டிருந்தால் அதை முடிக்கும், லாக் கோப்பை எஸ்-3-க்கு அனுப்பும். பாதி மாறிய துண்டைக் காப்பாற்ற முயல்வதில்லை. சில சமயம் ரீபேலன்ஸ் என்ற இன்னொரு சமிக்ஞை முன்கூட்டியே வரும்: இந்த சர்வர் போகும் வாய்ப்பு கூடியிருக்கிறது என்று. வந்தால் லாபம், நம்பி இருக்கக் கூடாது. இதெல்லாம் உண்மையில் வேலை செய்கிறதா என்று சோதிக்க ஃபால்ட் இன்ஜெக்‌ஷன் சர்வீஸ் மூலம் நீங்களே ஒரு பொய்ப் பிடுங்கலை ஏற்படுத்தலாம். நிஜக் கேசட்டை ஏற்றும் முன் ஒருமுறை செய்துவிடுங்கள்.

சர்வரை அழித்துவிட்டேன், பில் மட்டும் ஏறுகிறதே?

இதிலும் நான் பட்டிருக்கிறேன். பழைய ரிக்வெஸ்ட் கட்டளையில் பர்சிஸ்டென்ட் என்று ஒரு வகை உண்டு. சர்வர் போனால் கோரிக்கை உயிரோடு இருந்து, அடுத்த சர்வரைத் தானே கேட்டு வாங்கும். ஒரு சனிக்கிழமை ராத்திரி டெர்மினேட்-இன்ஸ்டன்ஸஸ் அடித்து, போயே போச்சு என்று படுத்துவிட்டேன். கோரிக்கையைத் தொடவில்லை. நான் அழித்த சில நிமிடத்தில் அது இன்னொன்றை எழுப்பியிருக்கிறது. புரட்டாசி மாதம், ஞாயிறு முழுக்கக் கோயிலில் சமையல் வேலை, திங்கள் சாயங்காலம்தான் கணக்கைத் திறந்தேன். இரண்டு நாள் ஒரு வேலையும் இல்லாமல் சர்வர் ஓடியிருந்தது.

வரிசை இதுதான்: முதலில் கேன்சல்-ஸ்பாட்-இன்ஸ்டன்ஸ்-ரிக்வெஸ்ட்ஸ், அப்புறம் டெர்மினேட்-இன்ஸ்டன்ஸஸ். கோரிக்கையை ரத்து செய்தால் ஓடும் சர்வர் தானாக நிற்காது, சர்வரை அழித்தால் பர்சிஸ்டென்ட் கோரிக்கை தானாகச் சாகாது. இரண்டையும் செய்ய வேண்டும். ரன்-இன்ஸ்டன்ஸஸில் நீங்கள் வேறு எதுவும் சொல்லாவிட்டால் ஒருமுறைக் கோரிக்கைதான், இந்தத் தொல்லை இல்லை.

சர்வர் போன பிறகும் ஒட்டிக்கொண்டிருப்பவை வேறு சில. தனியாக இணைத்த வட்டு அப்படியே இருக்கும், அதற்கு வாடகை உண்டு. தனியாக ஒதுக்கி வைத்த பொது ஐபி முகவரியும் (எலாஸ்டிக் ஐபி) அப்படித்தான். எந்தப் பொது ஐபிவி4 முகவரிக்கும் 2024 பிப்ரவரி முதல் மணிக்கு 0.005 டாலர். சின்ன ஸ்பாட் சர்வருக்கு இது சர்வர் வாடகையோடு போட்டி போடும் தொகை. பட்ஜெட்ஸ் பக்கத்தில் ஒரு எச்சரிக்கைத் தொகை வைத்து, மின்னஞ்சல் வரும்படி செய்துகொள்ளுங்கள்.

பாதியில் பிடுங்கினால் காசு திரும்ப வருமா?

முதல் ஒரு மணி நேரத்துக்குள் அவர்களாகப் பிடுங்கினால், சாதாரண லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் அந்த நேரத்துக்குக் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு என்றால் ஓடிய விநாடி வரை. நீங்களாக நிறுத்தினால் எப்போதுமே விநாடிக் கணக்குதான்.

லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) வந்தால்?

சர்வருக்கு ஒன்றும் ஆகாது, உங்கள் வீட்டு வைஃபைதான் போகும். சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்ததும் அதில் ஓடிய வேலையும் சாகும். உள்ளே நுழைந்தவுடன் டிமக்ஸ் (இணைப்பு அறுந்தாலும் வேலையைச் சாகவிடாத ஒரு நிரல்) திறந்து அதற்குள் வேலையை ஓட விடுங்கள். கரண்ட் வந்ததும் திரும்பப் போய் ஒட்டிக்கொள்ளலாம். கரண்ட் ஒழுங்காக இருக்கும் மாதங்களிலும் இந்தப் பழக்கத்தை விட வேண்டாம்.

எதற்கு ஸ்பாட் ஆகாது?

டேட்டாபேஸ், கோயில் நன்கொடைப் பக்கம், திருவிழா நேரலை.

கூகுளிலும் மைக்ரோசாஃப்ட்டிலும் இது உண்டா?

உண்டு, இரண்டுக்கும் ஜோஹன்னஸ்பர்க்கில் டேட்டா சென்டர் இருக்கிறது. கூகுளில் சர்வர் எழுப்பும் கட்டளையில் ப்ரொவிஷனிங் மாடல் என்பதற்கு ஸ்பாட் என்று கொடுக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் அஷூரில் பிரையாரிட்டி என்பதற்கு ஸ்பாட். அங்கே மேக்ஸ் பிரைஸில் -1 போட்டால் "விலைக்காக என்னைப் பிடுங்காதே, வழக்கமான விலை வரை தருகிறேன்" என்று பொருள். ஆனால் இரண்டிலும் முன்னெச்சரிக்கை 30 விநாடிதான். எங்கள் லாக் கோப்பு ஏறவே அது போதாது. துண்டு முறை இருந்தால் அங்கேயும் ஓட்டலாம், இன்னும் சின்னத் துண்டாக வெட்ட வேண்டும்.

"சர்வரைப் பிடுங்கினால் என் கல்யாணப் படம் போய்விடுமா, தம்பி?"

மெர்பேங்கில் ஒரு தாத்தா கேட்டது. இல்லை தாத்தா. நாங்கள் பிடித்த முழுப்படம் வீட்டு ஹார்டு டிஸ்கில் ஒன்று, எஸ்-3-ல் ஒன்று. சர்வரில் இருப்பது அதில் ஒரு பத்து நிமிடத்தின் நகல். கேசட்டை உங்களிடமே திருப்பித் தந்துவிடுவோம். நிற்க வைத்து, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள், டர்பன் காற்றுக்குப் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும்.